கேள்வி – பதில்: பிடித்துத் தின்ன ஆளிருந்தும் தூக்கம் ஏன்?

போன இதழில் ‘பூனை ஏன் நாள் முழுக்கத் தூங்குகிறது’ என்ற கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அதற்குத் தண்டனைபோல, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தூக்கத்தைப் பற்றித்தான். சரி, இந்த இதழில் வேறு எதுவும் வேண்டாம்.

கேள்வி: களைத்துப் போனால் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் போதாதா? நினைவே இல்லாமல் மணிக்கணக்கில் கிடக்க வேண்டிய அவசியம் என்ன? மிருகங்களுக்கு அது ஆபத்தாயிற்றே. – பத்தாம் வகுப்பு மாணவன்

பதில்: தம்பி, ஆராய்ச்சியாளர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக முட்டி மோதிக்கொண்டிருப்பதும் இதே இடத்தில்தான். தூங்குகிற மான் இரை தேடாது, இணை தேடாது, குட்டியைக் காவல் காக்காது, புலி வந்தால் ஓடவும் ஓடாது. இவ்வளவு நஷ்டம் தருகிற ஒரு பழக்கத்தைப் பரிணாமம் எப்போதோ கழற்றி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. கவனமாகப் பார்த்த விலங்குகளிலெல்லாம் ஏதோ ஒரு வடிவத்தில் தூக்கம் இருக்கத்தான் செய்கிறது.

முதலில், ஒரு உயிர் தூங்குகிறதா சும்மா கிடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று அடையாளங்கள் பார்ப்பார்கள். அசையாமல் இருக்க வேண்டும், ஆனால் உலுக்கினால் எழ வேண்டும் (எழாவிட்டால் அது மயக்கம்). சின்னத் தொந்தரவுக்கெல்லாம் சட்டென்று திரும்பக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: தூங்கவிடாமல் தடுத்தால், அப்புறம் அந்தக் கடனை அடைக்கக் கூடுதலாகத் தூங்க வேண்டும். வெறும் ஓய்வுக்கு இந்தக் கடன் கணக்கு கிடையாது.

2017-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் சில ஆராய்ச்சி மாணவர்கள் இந்த மூன்றையும் காசியோப்பியா என்ற ஜெல்லிமீனிடம் சோதித்துப் பார்த்தார்கள். கடலடியில் தலைகீழாகக் கிடந்து, குடைபோன்ற உடம்பைச் சுருக்கிச் சுருக்கி விரிக்கிற பிராணி அது. பகலில் நிமிடத்துக்கு 58 தடவை போலத் துடித்தது இரவில் 39 தடவையாகக் குறைந்தது. காலடித் தரையைச் சட்டென்று இறக்கிவிட்டால் பகலில் உடனே நீந்திக் கீழே போய்ச் சேர்ந்தது, இரவிலோ கொஞ்ச நேரம் ‘என்ன நடக்கிறது’ என்று புரியாமல் மிதந்தது. தண்ணீரைப் பீய்ச்சி இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்தபோது மறுநாள் பகலில் சோர்ந்து கிடந்தது. மூன்று தேர்விலும் பாஸ்.

இதில் வேடிக்கை, ஜெல்லிமீனுக்கு மூளையே கிடையாது. வலைபோலப் பரவிய நரம்புகள் மட்டும்தான். அதனால் தூக்கம் மூளைக்காகப் பிறந்தது என்று சொல்ல முடியாது. மூளை தோன்றுவதற்கு முன்பே இருந்த ஒரு பழைய பராமரிப்பு வேலை அது, பிற்பாடு வந்த மூளை அந்த நேரத்தில் தன் வேலைகளையும் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

‘சக்தியை மிச்சம் பிடிக்கத்தான் தூக்கம்’ என்பார்கள் சிலர். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் முழுக்கதை அதுவல்ல. பனிக்காலத்தில் வளைக்குள் உடம்பைச் சில்லிடவிட்டு மாதக்கணக்கில் முடங்கும் நில அணில்களைப் பாருங்கள். சக்திச் சிக்கனத்தில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவை சில வாரத்துக்கு ஒரு தடவை, சேர்த்துவைத்த கொழுப்பை எரித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு எழுகின்றன. எழுந்து பெரும்பாலும் என்ன செய்கின்றன தெரியுமா? தூங்குகின்றன! சில்லிட்டுக் கிடந்த அந்த நிலை தூக்கக் கணக்கில் சேரவில்லை.

கேள்வி: யானை 2 மணி நேரம்தான் தூங்குமாம், வௌவால் 20 மணி நேரமாம். உடம்பு பெரிதானால் தூக்கம் குறையுமா? அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: அறிவோடு முடிச்சுப் போடாதீர்கள், அந்தக் கணக்கு எங்கும் ஒத்துவரவில்லை. யானை கெட்டிக்கார மிருகம், வௌவால் ஒன்றும் மேதையில்லை.

யானைக் கணக்கு ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவின் சோபே பகுதியில் எடுத்தது. காட்டு யானைக் கூட்டத் தலைவிகள் இரண்டின் தும்பிக்கையில் அசைவை அளக்கும் கருவியை வைத்து 35 நாள் கவனித்தார்கள், 2017-ல் முடிவு வெளியானது. தும்பிக்கை சில நிமிடங்கள் ஆடாமல் இருந்தால் யானை தூங்குகிறது என்று அர்த்தம். ஒரு நாளைக்குச் சராசரியாக 2 மணி நேரம், அதுவும் பெரும்பாலும் நின்றபடியே. மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவைதான் படுத்தன. ஏதோ தொந்தரவு வந்த சில நாட்களில் 46 மணி நேரம் வரை தூங்காமல் நடந்துகொண்டே இருந்தன.

பொதுவாகப் புல் பூண்டு தின்னும் பெரிய மிருகங்கள் குறைவாகத் தூங்கும், ஏனென்றால் அந்த உடம்பை நிரப்ப நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்க வேண்டும். சிங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை, ஒரு வேட்டையோடு படுத்துவிடலாம். பாதுகாப்பான பொந்து உள்ள பிராணிகளும் தாராளமாகத் தூங்குகின்றன. ஆனால் இணையத்தில் சுற்றும் ‘எந்த மிருகம் எத்தனை மணி நேரம்’ பட்டியல்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். பல எண்கள் கூண்டில் வைத்து எடுத்தவை. ஸ்லாத் என்ற மரவாசி (தேவாங்கு என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், அது வேறு விலங்கு) கூண்டில் 16 மணி நேரம் தூங்கும் சோம்பேறி என்று பேர் வாங்கியிருந்தது. 2008-ல் பனாமா காட்டிலேயே தலையில் சின்னக் கருவி பொருத்தி அளந்தபோது வந்தது 9.6 மணி நேரம். வேலை வெட்டி இல்லாமல் அடைத்துவைத்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது!

கேள்வி: பறவைகள் பறந்துகொண்டே தூங்கும் என்பது கதையா, நிஜமா?

பதில்: நிஜம். சில பறவைகளாவது செய்கின்றன. ஆனால் அதற்கு முன் வாத்தைப் பார்த்துவிடலாம்.

நான்கு வாத்துகள் வரிசையாக உட்கார்ந்து தூங்குகின்றன. நடுவில் உள்ள இரண்டும் பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கும். ஓரத்தில் உள்ளவை ஒரு கண்ணைத் திறந்துவைத்திருக்கும், அதுவும் கூட்டத்துக்கு வெளிப்பக்கம் பார்க்கிற கண்ணை. அந்தக் கண்ணோடு இணைந்த மூளைப் பாதி விழிப்பில் இருக்க, மற்றப் பாதி தூங்குகிறது. 1999-ல் நீல்ஸ் ராட்டன்போர்க் என்பவரும் அவருடைய சகாக்களும் மூளை அலைகளைப் பதிவுசெய்து இதைக் காட்டினார்கள். டால்பினும் இப்படித்தான், பாதி பாதியாகத் தூங்கும். அது மூச்சு விடுவதே நினைவோடு செய்யும் காரியம், மேலே வந்தாக வேண்டும். இரண்டு பாதியும் ஒன்றாகத் தூங்கினால் மூழ்கிப்போகும்.

அதே ராட்டன்போர்க், 2016-ல் வெளியான ஆய்வுக்காக, கலாபகஸ் தீவுகளின் ஃபிரிகேட் பறவைகள் தலையில் பதிவுக் கருவியைப் பொருத்தி அனுப்பினார். இவை கடல்மேல் 10 நாள் வரைகூடத் தரையிறங்காமல் பறப்பவை. பறந்துகொண்டே தூங்கின, காற்றில் வட்டமிட்டு மேலே ஏறும்போது, திரும்புகிற பக்கத்துக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு மூளையில் பாதியை மட்டும் தூங்கவிட்டன, சில சமயம் இரண்டு பாதியும் சேர்ந்தே தூங்கின, ஆனாலும் விழவில்லை. ஆச்சரியம் அதோடு முடியவில்லை: ஒரு நாளைக்கு மொத்தம் 42 நிமிடம்தான். கூட்டுக்குத் திரும்பிய பிறகு 12 மணி நேரத்துக்கு மேல் தூங்கித் தீர்த்தன.

இன்னொரு பக்கம், அண்டார்டிகா அருகே கிங் ஜார்ஜ் தீவில் முட்டையைக் காவல் காக்கும் சின்ஸ்ட்ராப் பென்குயின்கள். 2023-ல் வெளியான ஆய்வின்படி அவை ஒரு தடவைக்குச் சுமார் 4 விநாடி மட்டும் கண்ணயர்கின்றன. கூட்ட நெரிசல், சத்தம், முட்டையைத் திருட வட்டமிடும் பறவைகள், இவற்றுக்கு நடுவே வேறு எப்படித் தூங்குவது? ஆனால் அந்த 4 விநாடித் தூக்கம் ஒரு நாளைக்கு 10,000 தடவைக்கு மேல். கூட்டிப் பாருங்கள், 11 மணி நேரத்தைத் தாண்டுகிறது. நாம் கூட்டத்தில் உட்கார்ந்து தலை தொங்கி, திடுக்கிட்டு நிமிர்ந்து, பக்கத்தில் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்போமே, அதையே ஒரு வாழ்க்கை முறையாக வைத்திருக்கின்றன! மனிதனுக்கு அது ஒத்துவராது. துண்டு துண்டாக வெட்டிய தூக்கம் நம்மை மறுநாள் தூங்கி வழியத்தான் வைக்கும்.

கேள்வி: மீன் கண்ணை மூடாமலேயே தூங்குமா?

பதில்: பெரும்பாலான மீன்களுக்கு இமையே இல்லை, மூட என்ன இருக்கிறது? தூங்கும். பவளப்பாறைக் கிளிமீன்களில் சில, வாய் வழியாக வெளிவரும் கோழையால் கொசுவலை மாதிரி ஒரு கூடு கட்டி அதற்குள் தூங்குகின்றன. ரத்தம் உறிஞ்சும் ஒட்டுண்ணிகளிடமிருந்து அது பாதுகாக்கிறது என்று சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கொசுவலையேதான்.

கேள்வி: தேர்வுக்கு முந்தின இரவு விடிய விடியப் படிப்பது என் வழக்கம். தூங்கினால் படித்தது மறந்துவிடும் என்று பயம். என் அக்காவோ தூங்கினால்தான் மனதில் நிற்கும் என்கிறாள். யார் சொல்வது சரி? – கல்லூரி மாணவி

பதில்: அக்கா பக்கம்தான் தீர்ப்பு. நானும் படிக்கிற காலத்தில் இப்படி ஒரு இரவு முழுக்க விழித்துப் படித்து, மறுநாள் வினாத்தாளில் தெரிந்த கேள்வியைப் பார்த்துக்கொண்டே விடை வராமல் உட்கார்ந்திருந்தவன்தான், அதனால் இதில் எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு.

1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரண்டு பேர், அர்த்தமில்லாத அசைகளை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்துச் சோதித்தார்கள். படித்துவிட்டுத் தூங்கியபோது, அதே அளவு நேரம் விழித்திருந்தபோது இருந்ததைவிட அவர்களுக்கு நிறைய நினைவிருந்தது. அப்போது இதற்குச் சொன்ன காரணம், ‘தூக்கத்தில் புதிதாக எதுவும் வந்து குழப்புவதில்லை, அவ்வளவுதான்’ என்பது. தூங்குகிற மூளை சும்மா இருக்கிறது என்று எல்லோரும் நினைத்த காலம் அது.

1994-ல் வில்சன், மெக்நாட்டன் இருவரும் எலியின் ஹிப்போகேம்பஸில், அதாவது புது நினைவுகள் முதலில் பதியும் பகுதியில், பல நரம்புச் செல்களை ஒரே நேரத்தில் ஒட்டுக்கேட்டார்கள். அந்தப் பகுதியில் ‘இந்த மூலைக்கு ஒரு செல், அந்த மூலைக்கு ஒரு செல்’ என்று இடத்துக்கு இடம் தனித்தனிச் செல்கள் துடிக்கும். எலி ஓடும்போது எந்தச் செல்கள் சேர்ந்து துடித்தனவோ, அவையே பிறகு அது ஆழ்ந்து தூங்கும்போதும் சேர்ந்து துடித்தன. பின்னால் வந்த ஆய்வுகளில் ஓடிய வரிசை அப்படியே, பல மடங்கு வேகத்தில் திரும்ப ஓடுவதும் தெரிந்தது. பாடக் கற்கும் சீப்ரா ஃபிஞ்ச் குருவியின் மூளையிலும் தூக்கத்தில் பாட்டு ஒத்திகை நடக்கிறது. நீங்கள் படித்துவிட்டுப் படுத்தபின் உங்கள் மூளை உங்களைக் கேட்காமலே ரிவிஷன் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹிப்போகேம்பஸ் சொல்லச் சொல்ல, பெருமூளையின் வெளியடுக்கு கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரக் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

ஆனால் எழுதிக்கொண்டே போனால் இடம்? இதற்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜூலியோ டோனோனி, கியாரா சிரெல்லி இருவரும் ஒரு யோசனை சொன்னார்கள். பகலில் எதைப் பார்த்தாலும் கேட்டாலும் நரம்புச் செல்களுக்கு நடுவே உள்ள இணைப்புகள், சினாப்ஸ்கள், பெருத்துக்கொண்டே போகின்றன. அப்படியே விட்டால் மூளை திணறிவிடும், அதனால் தூக்கத்தில் அவை ஒட்டுமொத்தமாக ஒரு சுற்று இளைக்கின்றன என்றார்கள். சொல்லியதோடு நிற்காமல், எலி மூளையில் 6,920 சினாப்ஸ்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக அளந்தார்கள் – இந்த அளவுக்குப் பொறுமை எனக்கு இருந்திருந்தால் நானும் விஞ்ஞானியாகியிருப்பேன். 2017-ல் வந்த விடை: தூங்கி எழுந்த எலிகளில் இணைப்புகளின் பரப்பு சுமார் 18 சதவீதம் சிறுத்திருந்தது. மிகப் பெரிய இணைப்புகள் மட்டும் சிறுக்கவில்லை. பலமாகப் பதிந்தது நிற்கிறது, பகலில் ஒட்டிய தூசு தும்பு மங்குகிறது. உங்கள் பயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது பாருங்கள். தூக்கத்தில் மறதி நடப்பது உண்மைதான், ஆனால் முக்கியமானது எடுப்பாகத் தெரிவதற்கு அந்த மறதியே உதவுகிறது.

கணக்குப் பாடக்காரர்களுக்கு இன்னொன்று. 2004-ல் ஜெர்மனியில் ஒரு சோதனை: எண்களை வைத்து நீளமாகச் செய்யும் ஒரு கணக்கு, அதற்குள் யாரும் சொல்லித்தராத ஒரு குறுக்கு வழி ஒளிந்திருக்கிறது. பயிற்சிக்குப் பிறகு 8 மணி நேரம் தூங்கியவர்களில், தூங்காதவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேலானவர்கள் அந்தக் குறுக்கு வழியைத் தாமாகக் கண்டுபிடித்தார்கள். ஆகவே கடைசி இரவில் மூன்றாவது தடவை புரட்டுவதைவிடப் படுத்துவிடுவது மேல். அப்புறம், தேர்வுக்கு முந்தின இரவு மட்டுமல்ல, படித்த ஒவ்வொரு நாளின் இரவும் முக்கியம்.

கேள்வி: ‘தூங்கும்போது மூளை கழுவப்படுகிறது, தூங்காவிட்டால் மறதி நோய் வரும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பதில்: பாதி உண்மை, மீதி அவசரம். 2013-ல் மைக்கேன் நெடர்கார்டின் ஆய்வுக் குழு வெளியிட்ட கட்டுரைதான் இதற்கெல்லாம் மூலம். மூளைக்குள்ளும் வெளியிலும் தெளிந்த நீர்போல ஒரு திரவம் ஓடுகிறது. எலி தூங்கும்போது செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 60 சதவீதம் அகலமாகி, அந்தத் திரவம் தாராளமாக உள்ளே போய், பீட்டா அமிலாய்டு போன்ற கழிவுகளை விழிப்பில் இருப்பதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேற்றியது என்றார்கள். பீட்டா அமிலாய்டு, அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களின் மூளையில் படிந்து கிடக்கும் பொருள் என்பதால் செய்தி தீயாகப் பரவியது. 2018-ல் 20 மனிதர்களை ஒரு இரவு தூங்கவிடாமல் மூளையை ஸ்கேன் செய்தபோது அந்தப் பொருள் சுமார் 5 சதவீதம் கூடியிருந்ததும் தெரிந்தது.

வாட்ஸ்அப்பில் வராதது ஒன்று உண்டு. 2024-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, எலி மூளைக்குள் சாயத்தைச் செலுத்தி அது வெளியேறும் வேகத்தை அளந்து, தூக்கத்தில் வேகம் கூடவில்லை, குறைகிறது என்று எழுதியது. முதல் குழுவோ, இவர்கள் அளந்த முறையே தப்பு என்று மறுக்கிறது. சண்டை நடந்துகொண்டிருக்கிறது. அதனால் ‘கழுவுகிறது’ என்று கல்வெட்டில் வெட்ட வேண்டாம். ‘ஒரு நாள் தூங்கவில்லை, எனக்கு அல்சைமர் வந்துவிடும்’ என்று அந்தக் கவலையிலேயே தூக்கத்தைத் தொலைப்பது அதைவிட மோசம்.

கேள்வி: காபி குடித்தால் தூக்கம் எப்படிப் போகிறது?

பதில்: போவதில்லை, ஒளிந்துகொள்கிறது. மூளை நம் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்கிறது. அப்படி எரித்ததன் மிச்சமாக அடினோசின் என்ற பொருள் விழித்திருக்கும் நேரமெல்லாம் சேர்கிறது. அது நரம்புச் செல்களில் தனக்கென்று உள்ள இருக்கையில் போய் உட்கார உட்கார நமக்குக் கண் சொக்குகிறது. தூங்கினால் குறைகிறது. கஃபீன் கிட்டத்தட்ட அதே சாயலில் இருப்பதால் அந்த இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது. அடினோசின் வெளியே வரிசையில் நின்றுகொண்டே இருக்கும். கஃபீன் எழுந்து போனதும் மொத்தமாக உள்ளே வரும். ஒரு கோப்பையில் உள்ள கஃபீனில் பாதி கரையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். சாயங்காலக் காபிக்கும் நடு இரவில் கூரையைப் பார்த்துக் கிடப்பதற்கும் உள்ள உறவு இதுதான்.

கேள்வி: நான் வருடக்கணக்கில் 5 மணி நேரம்தான் தூங்குகிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். மற்றவர்கள் ஏன் நேரத்தை வீணாக்குகிறார்கள்? – தொழில் செய்யும் வாசகர்

பதில்: ஐயா, ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பதை யார் சொன்னது என்பதுதான் பிரச்சினை. 2003-ல் ஒரு சோதனையில் 14 நாள் சிலருக்கு 4 மணி நேரம், சிலருக்கு 6, சிலருக்கு 8 என்று தூக்கத்தை அளந்து கொடுத்தார்கள். குறைவாகத் தூங்கிய இரண்டு குழுவினருக்கும் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போய், கடைசியில் இரண்டு இரவு வரை பொட்டுத் தூக்கம் இல்லாதவர்களின் நிலைக்குக்கூட வந்தது. ஆனால் ‘தூக்கம் வருகிறதா’ என்று கேட்டால், சில நாளுக்குப் பிறகு ‘அவ்வளவாக இல்லை, பழகிவிட்டது’ என்றுதான் சொன்னார்கள். பழகியது அந்த உணர்வு மட்டுமே. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருக்குச் சமம் என்று 1997-லேயே அளந்திருக்கிறார்கள்.

2011-ல் இன்னொரு விஷயம் தெரியவந்தது. நெடுநேரம் தூங்கவிடாமல் வைத்த எலிகள் பார்வைக்கு விழித்துத்தான் இருந்தன, நடமாடின. ஆனால் மூளையில் அங்கங்கே சில செல்கள் மட்டும் கண நேரம் அணைந்து அணைந்து எரிந்தன. அப்படி அணைந்த நேரத்தில் இனிப்பு உருண்டையை எடுக்கக் கை நீட்டினால் தவறவிட்டன. கண் திறந்திருக்கும்போதே மூளையின் ஒரு மூலை தூங்குகிறது. நீங்கள் வண்டி ஓட்டுபவர் என்றால் இதை இரண்டு தடவை படியுங்கள்.

குறைந்த தூக்கம் பிறவியிலேயே போதுமானவர்கள் உண்டு. 2009-ல் டெக்2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் உள்ள தாயும் மகளும் சுமார் 6 மணி நேரத்தில் புத்துணர்ச்சியோடு எழுவதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது மிக அபூர்வம். அலாரம் இல்லாமல், விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்குத் தானாக எழுகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை அடித்துப் போட்டாற்போல் கிடந்தால் நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி: எங்கள் நாய் தூக்கத்தில் காலை உதறுகிறது, மெல்லக் குரைக்கவும் செய்கிறது. கனவு காண்கிறதா?

பதில்: கனவு என்றே வைத்துக்கொள்ளலாம், அதன் வாயால் கேட்க முடியாது என்பதுதான் குறை. 1953-ல் சிகாகோவில் அசரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்ற இருவர், தூங்குபவர்களின் கண்மணி மூடிய இமைக்குள் சில நேரம் வேகமாக உருளுவதையும், அப்போது எழுப்பினால் பெரும்பாலும் கனவைச் சொல்வதையும் கண்டார்கள். ரெம் தூக்கம் என்பது அதுதான். மூளை விழித்திருப்பதுபோல் பரபரப்பாக இருக்கும், உடம்பு மட்டும் கட்டிப்போட்டதுபோல் தளர்ந்து கிடக்கும். அந்தக் கட்டு எங்கிருந்து வருகிறது என்று பிரான்சில் மிஷேல் ஜூவே தேடினார். பூனையின் மூளைத்தண்டில் ஒரு சின்னப் பகுதியைச் செயலிழக்கச் செய்ததும், ரெம் தூக்கத்தில் அந்தப் பூனை எழுந்தது, இல்லாத எலியைப் பதுங்கிப் பிடித்தது, இல்லாத எதிரியைப் பார்த்துச் சீறியது. தூங்கிக்கொண்டேதான். உங்கள் நாய்க்குக் கட்டு சரியாகத்தான் இருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் கசிகிறது. எழுப்பாதீர்கள், பாவம். திடுக்கிட்டுக் கடித்தாலும் கடிக்கும்.

கேள்வி: அதிகபட்சம் எத்தனை நாள் தூங்காமல் இருக்கலாம்?

பதில்: முயற்சி செய்யும் உத்தேசத்தில் கேட்கவில்லை என்று நம்புகிறேன். 1963 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1964 ஜனவரி வரை, ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது அமெரிக்க மாணவர் பள்ளி அறிவியல் போட்டிக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாள், விழித்திருந்தார். எரிச்சல், ஞாபகக் குளறுபடி, இல்லாததைப் பார்ப்பது எல்லாம் வந்தன. பிறகு 14 மணி நேரம் போலத் தூங்கி எழுந்தார். வயதான பிறகு தூக்கமின்மையால் அவதிப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கின்னஸ் இப்போது இந்தச் சாதனையைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆபத்து என்பதால்.

எலிகளைத் தொடர்ந்து தூங்கவிடாமல் வைத்த 1980-களின் சோதனைகளில் அவை இரண்டு மூன்று வாரத்தில் செத்துப்போயின. நிறையத் தின்றும் இளைத்தன. எதனால் சாகின்றன என்பது நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. 2020-ல் ஹார்வர்டில் பழ ஈக்களிடம் பார்த்தபோது, கேடு விளைவிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் குவிந்திருந்த இடம் மூளை அல்ல, குடல்! அவற்றை முறியடிக்கும் பொருட்களைக் கொடுத்ததும் தூங்காத ஈக்கள் கிட்டத்தட்ட முழு ஆயுள் வாழ்ந்தன. மூளையில்லாத ஜெல்லிமீன் ஏன் தூங்குகிறது என்று முதல் கேள்வியில் பார்த்தோமே, அதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: கனவில் அருமையான யோசனைகள் வருகின்றன, காலையில் ஒன்றும் ஞாபகமில்லை. தலைமாட்டில் நோட்டு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வையுங்கள், ஆனால் கையெழுத்தில் கவனம். ஓட்டோ லோவி என்ற ஆஸ்திரிய விஞ்ஞானிக்கு, நரம்பு தன் செய்தியை ரசாயனம் மூலமாகத்தான் கடத்துகிறது என்று நிரூபிக்க ஒரு சோதனை கனவில் தோன்றியது. பாதித் தூக்கத்தில் ஒரு காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் அவர் எழுதியது அவருக்கே படிக்க வரவில்லை, அந்த நாள் பூராவும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். மறுநாள் இரவு அதே கனவு திரும்ப வந்தது. இந்தத் தடவை காகிதத்தைத் தேடவில்லை. எழுந்து நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய், இரண்டு தவளை இதயங்களை எடுத்துவைத்து, ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை மற்றதன்மேல் ஊற்றினார். இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது.